சுண்ணாம்புக் கால்கள்

வேலுச்சாமி பெரியப்பா, உங்கள் கருமாதிக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க இன்று சுண்ணாம்பு கரைத்தார்கள். அந்த வாடை என்னைத் திண்டுக்கல் காலேஜ் கிரவுண்டுக்கு இழுத்துப்போனது. இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. மில் டீமில் வெறுங்காலோடு ஆடிப் பேர் வாங்கி, அந்தக் காலேஜுக்கு முதல் புட்பால் கோச்சாக வந்த நீங்கள், விடிந்ததும் அங்கே கிடக்கிற மாட்டுச் சாணியைக் கையால் அள்ளி ஓரமாகப் போட்டு, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியைத் தூவித் தூவிக் கோடு போட்டு, முழங்கால்வரை வெள்ளையாக சைக்கிளில் திரும்புவீர்கள்.

ஒருநாள் அப்படியே என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, நான் மறந்துவிட்டுப் போன சோற்று டப்பாவை நீட்டினீர்கள்.

"யாருடி, வெள்ளையடிக்கிற ஆளா?" என்றாள் கூட நின்ற செல்வி.

"ஆமாடி, எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தவரு."

உங்களுக்குக் கேட்டுவிட்டது.

"அம்மாட்ட சொல்லிரு பாப்பா, மிச்சச் செவத்த நாளைக்கு அடிக்கிறேன்னு," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினீர்கள்.

மறுநாளிலிருந்து கிரவுண்டுக் குழாயிலேயே கால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் வந்தீர்கள். எட்டாவதோடு நான் படிப்பை விட்ட பிறகும் அப்படித்தான். ஏனென்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். கடைசிவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் என் பெரியப்பாவுக்காகக் கொஞ்ச நேரம் சாமி கும்பிடுங்கள்.