எங்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்கள்

பலெர்மோவில் ஒரு வீட்டு மணியை அடித்தால் மேலேயிருந்து முதலில் வருவது கேள்விதான். "சி ஏ?" யார் அது? நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் வரும் நேரம் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் வேறு எவரும் அங்கே வருவதில்லை. ஆனாலும் சாவியைப் போடுவதற்கு முன் மணியை அடிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும், நான் "ஸோனோ இயோ" என்று சொல்ல வேண்டும். நான்தான். எந்த நான் என்று அவர் கேட்பதில்லை. கள்ளன் வந்தாலும் அதையேதான் சொல்லுவான் என்று முதல் வாரம் நினைத்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கதவின் முன் நிற்கும்போது அதையேதான் நினைக்கிறேன்.

அந்த மணிக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று சின்யோராவுடையது. மற்றப் பெயருக்குரிய பெண்ணை நான் ஒருநாளும் கண்டதில்லை. வரியையோ மின்கட்டணத்தையோ குறைக்கச் செய்த உபாயமாக இருக்கும் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்திகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தவள் நான். "வழக்கமாக" என்று ஒருவர் சொன்னால் எத்தனை முறை என்று கேள், "சிலர்" என்று எழுதினால் யார் என்று கேள் என அங்கே பழக்கியிருந்தார்கள். வீடு துடைக்கிற வேலைக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. ஆனால் அது போகவும் இல்லை.

என் தங்கை தர்ஷினி பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் என்னோடு இருக்கிறாள். கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தின் சமையலறையிலும், மற்றக் காலத்தில் வீடுகளிலும் வேலை. மெல்பேர்ணில் இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெயர் சுதாகரன். வன்னிப் பக்கம். படிக்கப் போய் அங்கேயே தங்கியவர், இப்போது அவுஸ்திரேலியக் குடிமகன், குளிர்பதன இயந்திரங்கள் திருத்துகிறார் என்று சொன்னார்கள். போனில் கதைத்தார்கள், பிடித்துக்கொண்டது. தர்ஷினி நேரே போய்ப் பார்க்க வருகையாளர் விசா கேட்டாள். திரும்பி வருவாள் என்று நம்ப முடியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். கலியாணம் செய்யவிருப்பவர்களுக்கென்று இன்னொரு விசா இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் இருவரும் ஒருதடவையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். போனில் பார்த்தது சந்திப்பாகாது. உறவு உண்மை என்பதற்குச் சான்றும் காட்ட வேண்டும். "பாங்கொக்கில சந்திப்பம்" என்றார் சுதாகரன்.

ஏன் பாங்கொக்? இரண்டு பேருக்கும் நடுவழி, செலவு குறைவு, தனக்கு லீவும் குறைவு என்று காரணங்கள் வந்தன. ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டோடு அவர் எந்த அலுவலகத்தையும் கேட்காமல் பலெர்மோவுக்கே வந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் போய் எங்கள் அம்மாவையே பார்த்திருக்கலாம். "யாழ்ப்பாணம் சரிவராது அக்கா" என்றார். ஏன் என்று கேட்டதற்கு லைன் வெட்டுப்படுகிறது என்றார். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள் என்று கேட்டபோதும் லைன் வெட்டுப்பட்டது. பிறகு தர்ஷினி ஒருநாள் வெங்காயம் வெட்டியபடி, "அவருக்குப் பாங்கொக் நல்லாத் தெரியும். வழக்கமாப் போறவர்தானே" என்றாள்.

"எத்தினை தரம்?"

"வருசா வருசம்."

"ஆரோடை?"

"தனியத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். வெங்காயம்தான் காரணம் என்று நான் எழுதமாட்டேன்.

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே எதையும் வாங்காமல் வரலாம், ஆனால் எதையும் சொல்லாமல் வர முடியாது. கடைக்கார அண்ணையிடம் நான் சொன்னது பாதிதான். மீதியை அவரே நிரப்பிக்கொண்டார். "தாய்லாந்துக்கு வருசா வருசம் தனியப் போற ஆம்பிளை கோயில் கும்பிடவோ போறான், தங்கச்சி? அங்கை ஒரு குடும்பமே வைச்சிருப்பான். உங்கட பிள்ளையை அங்கை கூட்டிக்கொண்டு போய் மூத்தவளுக்குக் காட்டப் போறானாக்கும்." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, ஓர் அவுஸ்திரேலியர் எத்தனை பேரைத் துணையாகக் கூப்பிடலாம் என்று இணையத்தில் தேடினேன். முன்னரே ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தால் அடுத்தவளுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டி வரலாம் என்று போட்டிருந்தது. அதை வாசித்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

லீவு கேட்டபோது சின்யோரா விவரம் கேட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தாய்லாந்து போகிறோம் என்றேன்.

"தாய்லாந்துக்காரனா?"

"இல்லை, அவுஸ்திரேலியர்."

"அப்படியென்றால் உங்கள் ஆள் இல்லை."

"எங்கள் ஆள்தான்."

"உங்கள் ஆள் என்றால் ஏன் உங்கள் ஊருக்கு வரவில்லை?"

என் கேள்வியையே அவருடைய வாயிலிருந்து இத்தாலிய மொழியில் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. லீவு தந்தார். "கவனம்" என்று மட்டும் சொன்னார்.

புதுப்பிக்கக் கொடுத்த தர்ஷினியின் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்கும் அனுமதி அட்டை, பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவிலிருந்து கைக்கு வரும்வரை டிக்கெட் போடவில்லை. தாய்லாந்தின் வருகை அட்டையைப் புறப்பட முன்பே இணையத்தில் நிரப்பினோம். இறங்கிய இடத்தில் எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுகளைப் பார்த்த அதிகாரி திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, இத்தாலிய அட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்து வரிசையில் ஒரு அவுஸ்திரேலியக் குடும்பம் கடற்கரைச் செருப்போடு நடந்து போனது. வெளியே சுதாகரன் நின்றார். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. என் பெட்டியைத்தான் முதலில் வாங்கினார். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் இட்ட கட்டளை ஒன்றுதான். "தனிய விட்டிடாதை. நாளைக்கு ஆரும் ஒரு கதை கதைக்கக் கூடாது." ஆகவே நானும் தங்கையும் ஒரு ஹோட்டலில், அவர் வீதிக்கு மறுபக்கத்தில் இன்னொன்றில். அம்மாவுக்குக் காட்டுவதற்காக இரண்டு ரசீதுகளையும் பத்திரமாக வைத்தேன். போன இடமெல்லாம் படம் எடுத்தோம். கோயிலின் முன், ஆற்றங்கரையில், பூச்சந்தையில். எல்லாவற்றிலும் இடது பக்கம் அவர், வலது பக்கம் அவள், நடுவில் நான். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நின்றார்கள். அவை ஊருக்கு அனுப்பும் படங்கள். நான் எனக்கென்றும் சில எடுத்தேன். தூணுக்குப் பின்னால் நின்று, கண்ணாடிக்கு வெளியே நின்று, நூடில்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று. அவர் யாருக்குப் போன் எடுக்கிறார், யாரைப் பார்க்கிறார் என்று பின்னர் பெரிதாக்கிப் பார்ப்பதற்காக.

ஒருநாள் காலை தர்ஷினி குளித்துக்கொண்டிருந்தபோது யன்னலால் பார்த்தேன். சுதாகரன் தனியாக ஒரு ஒழுங்கைக்குள் போனார். நானும் இறங்கிப் போனேன். ஒழுங்கையின் நடுவில் உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்று. உள்ளே இருந்து ஒரு தாய்லாந்துப் பெண் வந்தாள். அவர் வயதுதான் இருக்கும். கண்டவுடன் சத்தமாகச் சிரித்து அவருடைய கையைப் பிடித்தாள். பிறகு அவருக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்து, ஏதோ கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவளுடைய முகம் மாறியது. உள்ளே போய்ப் பெரிய பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பையின் வாய்ப்பக்கம் பெண்கள் போடும் றப்பர் செருப்பும் மண்ணிறக் கம்பளிச் சட்டையும் தெரிந்தன. எல்லாவற்றையும் படம் எடுத்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது சந்தோஷம் வரவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் தங்கையின் முன்னாலேயே போனை அவர் பக்கம் தள்ளினேன். "இது ஆர்?"

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா, இதை எனக்கு அனுப்பிவிடுவீங்களோ? இவவோடை என்னட்டை ஒரு படமும் இல்லை."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

காலடியில் இருந்த பையைத் தூக்கி மேசையில் வைத்துத் திறந்தார். செருப்பு, கம்பளிச் சட்டை, பழைய செய்தித்தாளில் சுற்றிய இடியப்ப உரல், தட்டுகள். "அம்மான்ரை" என்றார். "நான் படிக்கப் போகேல்லை அக்கா. படகில போனனான். பாஸ்போட் கிடைச்சாப் பிறகு சட்டப்படி ஊருக்குப் போகலாம். ஆனா நான் போகமாட்டன். அதாலை அம்மா கிளிநொச்சியில இருந்து வருசத்துக்கு ஒருக்கா இஞ்சை வருவா. கடைக்கு மேலை ஒரு அறை வாடைக்கு எடுப்பம். மா கொண்டுவந்து இடியப்பம் அவிப்பா. திருப்பிக் கொண்டுபோகப் பாரம் எண்டு உரலை இவவட்டைக் குடுத்திட்டுப் போவா. இந்த முறை அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. 'மம்மா நோ கம்?' எண்டு கேட்டவ. அவ்வளவுதான்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"படகில வந்தவன் எண்டால் உங்கட அம்மா ஓம் எண்டிருப்பாவோ?"

நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு முந்தியே தெரியும்" என்றாள். "உனக்குச் சொன்னால் நீ அதை விசாரிக்க வெளிக்கிடுவாய்." நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அன்று பின்னேரம் கிளிநொச்சிக்கு வீடியோவில் பேசினோம். அந்தத் தாய் என்னைக் கண்டதும் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உரல் கறள் பிடிச்சிருக்கோ?" துருவைப் பற்றிய அந்தக் கவலைக்குப் பிறகுதான் நம்பினேன்.

பலெர்மோவுக்குத் திரும்பிச் சில வாரங்களில், மெல்பேர்ணில் சுதாகரன் பிடித்த விசா முகவரிடமிருந்து பதில் வந்தது. முகவர் வெள்ளைக்காரர். நாங்கள் அனுப்பிய படங்களையும் ரசீதுகளையும் பார்த்துவிட்டு அவர் கேட்டதைச் சுதாகரன் போனில் சொன்னார். "அக்கா, கோவிக்காதேங்கோ. 'இதில மணப்பெண் யார், நடுவில நிற்கிறவவோ?' எண்டு கேட்கிறார்." தர்ஷினி கட்டிலில் விழுந்து சிரித்தாள். அடுத்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. வெவ்வேறு ஹோட்டல், வெவ்வேறு ரசீது, எந்தப் படத்திலும் இருவரும் ஒருவரையொருவர் தொடவோ பார்க்கவோ இல்லை. விசாவுக்காக ஒழுங்குபடுத்திய கலியாணம் என்று அதிகாரி நினைத்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நிராகரித்தால் அடுத்த விண்ணப்பத்திலும் அந்தப் பதில் கூடவே வரும். அம்மாவிடம் மானத்தை நிரூபிக்க வைத்திருந்த ஒவ்வொன்றும் அங்கே பொய்யை நிரூபித்தது.

தர்ஷினி அன்று சாப்பிடவில்லை. "நான் இஞ்சையே இருந்திட்டுப் போறன், விடு" என்றாள். வீட்டில் அவளுடைய சத்தம் கேட்காமல் போகும் நாளை நினைத்து நான் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். போகாமலே விடலாம் என்று அவள் சொன்னபோது அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எனக்கென்று எடுத்த படங்களைத் திறந்து, போனை அவளுடைய மடியில் வைத்தேன்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். படகுத் துறையில் பலகை ஆடியபோது அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சதையை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைக்கிறார். இருவரும் ஒரு போனைப் பார்க்கிறார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பை களவு போகாமல் அதன் வாரில் காலை வைத்திருக்கிறாள். யாரைச் சந்தேகித்து எடுத்தேனோ அவர், அந்த ஒழுங்கைப் படங்களைத் தவிர, ஒரு படத்திலும் வேறு எவரையும் பார்க்கவில்லை. இதை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"நீ என்ன, சிஐடியோ?" என்றாள். சற்று நேரத்தில், "இந்த மீன் படத்தை எனக்கு இப்பவே அனுப்பு" என்றாள்.

முகவருக்குப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் இடத்தையும், எடுத்தவர் யார் என்பதையும் எழுதச் சொன்னார். எடுத்தவர்: அக்கா என்று தர்ஷினி தட்டச்சு செய்தாள். அதற்குப் பக்கத்தில், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, 'எங்களுக்குத் தெரியாமல்' என்றும் சேர்த்தாள்.

நடந்ததைச் சின்யோராவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் பாதி சொல்வதற்குள் கையை உயர்த்தி நிறுத்தினார். "என் அக்காவும் அவுஸ்திரேலியாதான்" என்றார். அவருடைய இளவயதில் இங்கிருந்து பெண்கள் அப்படித்தான் போனார்களாம். மாப்பிள்ளை மெல்பேர்ணில், பெண் பலெர்மோவில். தேவாலயத்தில் மாப்பிள்ளையின் இடத்தில் பெண்ணின் சகோதரனே நின்று சம்மதம் சொன்னான். அக்கா அந்த மனிதரின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறினார்.

"யாரும் சந்தேகப்படவில்லையா?" என்று கேட்டேன்.

"எல்லோரும் சந்தேகப்பட்டோம். அதற்குள் கப்பல் போய்விட்டது."

மணிக்குப் பக்கத்தில் இருந்த மற்றப் பெயர் அந்த அக்காவுடையது. இந்தக் கட்டடத்துக்கு மின்மணி வைத்தபோது அக்கா போய் வெகுகாலம் ஆகியிருந்ததாம். "நான்தான் போடச் சொன்னேன்" என்றார் சின்யோரா. "வந்தால் எந்த மணியை அடிப்பாள்?" அக்கா வந்தாரா என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட கேள்விகள் அதிகமில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. பாங்கொக்கில் விடைபெறும்போது சுதாகரன் தர்ஷினியிடம் தந்துவிட்ட அந்தப் பை, தாய்லாந்து எழுத்துகள் வெளியே தெரிய, எங்கள் அலுமாரியின் மேல் இருக்கிறது. தர்ஷினி உரலை எடுத்து எண்ணெய் பூசித் துடைப்பாள், திரும்பச் சுற்றி வைப்பாள். இடியப்பம் அவிக்கக் கேட்டால், "அது இஞ்சத்தை இல்லை, அங்கை போய்த்தான்" என்று எங்களுடைய பிளாஸ்டிக் உரலைத்தான் எடுப்பாள். அவள் மெல்பேர்ணைக் கண்டதில்லை. ஆனாலும் அங்கை என்கிறாள்.

எங்கள் கட்டடத்தின் மணிக்குப் பக்கத்தில் எங்கள் பெயர்கள் கடதாசித் துண்டில்தான் இருந்தன. வெயிலில் மை வெளிறி இரண்டும் வாசிக்க முடியாமல் போயிருந்தன. போன ஞாயிறு புதுத் துண்டு வெட்டி, அழியாத மையால் இரண்டு பெயர்களையும் எழுதி ஒட்டிவிட்டு மேலே வந்தேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. தர்ஷினி பல்லரோச் சந்தைக்குப் போயிருந்தாள், அவளுடைய சாவி மேசையில் கிடந்தது. அந்த நேரத்தில் வேறு எவரும் வருவதில்லை.

"சி ஏ?" என்று கேட்டேன்.

உடனே பதில் வரவில்லை. கீழே நின்று புதுத் துண்டை வாசிக்கிறாள் போல.

"நான்தான்" என்றாள். "ரெண்டு பேரையும் எழுதியிருக்கிறாய்."

"ஓம்" என்று சொல்லிக் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். அவள் கதவைத் தள்ளும் சத்தம் கேட்ட பிறகும் விரலை எடுக்கவில்லை.