நம்பர் போட்ட மரம்

துரை இருந்தார். தோட்டத்து மேனேஜர். ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம்.

பெரிய கிளாக்கர் இருந்தார். துரைக்கு இடது கைப் பக்கம், நின்றபடி.

தோட்டத் தலைவர் இருந்தார். தொழிற்சங்கத்தின் ஆள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

எங்கள் கங்காணி இருந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

விறகு வெட்டுகிற நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கோடாலிகளை வெளியே சுவரோரம் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அந்தப் பெண் இருந்தாள். எங்கள் பக்கத்தில் அவளுக்கு மட்டும்தான் நாற்காலி.

ஜன்னலுக்கு வெளியே என் மனைவி நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. போகச் சொன்னார்கள். போகவில்லை.

தூறல் விடவில்லை. நமுனுகுல மலை தெரியவில்லை.

விசாரணை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அந்தப் பெண்ணின் மரங்களை நாங்கள் வேண்டுமென்று வெட்டினோமா, இல்லையா. வேண்டுமென்று என்றால் கங்காணியும் நாங்களும் வேலையை விட்டுப் போக வேண்டும். வேலை போனால் குடியிருக்கிற ஒற்றை அறை, லயத்துக் காம்பராவும் போகும். என் காம்பராவில் மனைவி, பிள்ளைகள், கால் நடக்க முடியாத தம்பி. அது எழுபதுகளின் கடைசி. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தது. வெளியே போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பஞ்ச காலத்தில் பதுளை பஜாரில் கையேந்தி நின்ற குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அவள் யாழ்ப்பாணத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு மேல் இன்னொன்றுக்குப் படிக்கிறாள் என்றார்கள். அழிகிற பிராணிகளை அழியாமல் வைத்திருக்க ஒரு படிப்பு. எங்கள் தோட்டத்தில் தேயிலை முடிகிற உச்சியில் ஒரு துண்டுக் காடு. அதில் ஒரு கூட்டம் கருமந்தி. பதினாறு. சுற்றிலும் தேயிலை என்பதால் வேறு காட்டுக்குப் போக வழியில்லை. அவை எந்த மரத்தில் தின்கின்றன, எதில் தூங்குகின்றன என்று இரண்டு வருடம் பார்த்து எழுதினால் அவளுக்குப் பட்டம்.

கங்காணி இதைச் சொன்னபோது சிரித்தார்.

"கொரங்கு திங்கிறதப் பார்க்க ஒரு படிப்பு. என் பேரன் திங்கிறதையும் வந்து பார்க்கச் சொல்லுங்கடா. அவனுந்தான் அழிஞ்சிக்கிட்டிருக்கான்."

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். எங்கள் பெண்கள் கொழுந்து எடுத்து முடித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் காட்டில் விறகு பொறுக்குவார்கள். காய்ந்த கொம்பு. கிடைத்தால் பச்சையும். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் என் மனைவியை விறகுக் கட்டோடு மறித்தாள்.

"இதைப் போட்டிட்டுப் போங்கோ."

"போட்டுட்டு? ராவைக்கு ஒங்க கையில இருக்கிற கொடக் கம்பையா எரிக்கிறது?"

"மந்தி படுக்கிற மரத்தின்ரை கொப்பு இது."

"அதுக்குப் படுக்க வேற மரம் இருக்கு. எனக்கு ஒரு அடுப்புத்தான் இருக்கு."

என் மனைவி கட்டைப் போடவில்லை. அந்தப் பெண் துரையிடம் போனாள். மறுநாள் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் அறிவித்தார்கள். இனிக் காட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. பெண்கள் விறகுக்கு ஆற்றைத் தாண்டிப் போனார்கள். இருட்டிய பிறகுதான் அடுப்பு எரிந்தது.

அவளுக்கு மந்தியம்மா என்று பேர் விழுந்தது அப்போதுதான். அவள் லயத்து வழியாகப் போனால், குரங்கை விரட்டுவது போல யாராவது தகரத்தைத் தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒருநாள் அட்டை கடித்து, முழங்கால் வரை ரத்தத்தோடு, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்றாள். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வேண்டும். எல்லார் மடியிலும் சுண்ணாம்பு இருந்தது. யாரும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

எங்கள் வேலை தேயிலை ஃபேக்டரி அடுப்புக்கு மரம் வெட்டுவது. மரத்தை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆபீஸ் ஆள் வந்து, நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயின்டால் நம்பர் போடுவார். நம்பர் இருந்தால் வெட்ட வேண்டும். இல்லாததைத் தொட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பேர் இல்லையென்றால் கூலி இல்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்து தடுமாறும். நம்பர் தடுமாறாது.

அந்த வாரம் மேல் எல்லையில் யூகலிப்டஸ் வெட்டச் சொன்னார்கள்.

"நம்பரப் புடிச்சிக்கிட்டே போங்க" என்றார் கங்காணி.

போனோம். யூகலிப்டஸ் முடிந்தது. நம்பர் முடியவில்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அத்தியில் நம்பர். காட்டு நாவலில் நம்பர். அதே வெள்ளை, அதே உயரம்.

"காட்ட மூடிட்டாங்கன்னு சொன்னாங்களே" என்றேன்.

"பொம்பளைங்க சுள்ளி பொறுக்குறதுக்குத்தான்டா மூடினாங்க. ஃபேக்டரிக்கு எவன் மூடுவான்?"

அது சரியாகத்தான் பட்டது. தோட்டத்து நியாயம் அப்படித்தான் இருக்கும். கோடாலியை எடுத்தோம்.

அவள் அப்போது தோட்டத்தில் இல்லை. தன் பேராசிரியரைப் பார்க்க, பதுளையில் ரயில் ஏறிப் போயிருந்தாள். மூன்று நாள் கழித்துத் திரும்பினாள். நேரே மேலே வந்தாள். பை தோளிலேயே இருந்தது. ஒவ்வொரு அடிக்கட்டையாகப் போய் நின்று பார்த்தாள். பிறகு வந்து என் கோடாலிக் காம்பைப் பிடித்தாள்.

"ஆர் சொன்னது? ஆர் உங்களுக்கு வெட்டச் சொன்னது?"

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. கங்காணி வந்துதான் பிரித்தார்.

காட்டுக்குள் இருந்த நம்பர்களை அவள்தான் போட்டிருந்தாள். மந்தி தின்கிற மரத்துக்கெல்லாம் ஒரு நம்பர். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாமல் வெட்டினோம் என்று இப்போது நாங்கள் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. விறகை மறித்தவள் அவள். தகரம் தட்டியவர்கள் நாங்கள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

விசாரணையில் பெரிய கிளாக்கர் அதைத்தான் துரையிடம் சொன்னார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"வேணுமெண்டுதான் வெட்டியிருக்கினம் சேர். விறகு மறிச்ச கோவம்."

துரை என்னைப் பார்த்தார். அவர் சிங்களவர். எங்கள் பேச்சை நன்றாகப் பேசுவார்.

"நீ சொல்லு. கோவத்துல வெட்டினதா?"

"கோவம் இருந்துச்சுங்க தொரை. கோவத்துல வெட்டல. நம்பர் இருந்துச்சு, வெட்டினோம்."

கங்காணி என் காலை மிதித்தார். தலைவர் முன்னால் வந்தார்.

"படிக்காத பய தொரை. பேசத் தெரியல."

"எனக்குப் பேசத் தெரியும்" என்றேன்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வெட்டேக்கை மரத்தில மந்தி இருந்ததோ?"

"இருந்துச்சு."

"என்ன செய்தனீங்கள்?"

"கல்லால அடிச்சு வெரட்டினோம்."

"அது இருக்கிற மரம் எண்டு தெரிஞ்சும்."

"மரத்துல கொரங்கு இருந்துச்சு. நம்பரும் இருந்துச்சு. எங்களுக்கு நம்பருக்குத்தான் கூலி."

ஜன்னலில் என் மனைவியின் குரல் வந்தது.

"நல்லாக் கேளுங்க மந்தியம்மா. எம் புள்ளைங்க நாளைக்கு எந்த மரத்துல படுக்கும்னும் கேட்டுச் சொல்லுங்க."

"ஏய்!" என்றார் கிளாக்கர்.

துரை கையை உயர்த்தினார். அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"மிஸ், நீங்க சொல்றதுதான். வேணும்னு செஞ்சதுன்னா இன்னைக்கே நாலு பேரையும் அனுப்பிடுறேன்."

கூரைத் தகரத்தில் மழை கேட்டது. கங்காணியின் கக்கத்திலிருந்து தலைப்பாகை விழுந்தது. அவர் குனியவில்லை. நான் தம்பியை நினைத்தேன். அவனை முதுகில் தூக்கிக்கொண்டு பதுளை வரை போக முடியுமா என்று நினைத்தேன்.

"எனக்கு இவையளைப் பிடிக்காது" என்றாள். "இவைக்கும் என்னைப் பிடிக்காது. ஆனா இவை வேணுமெண்டு வெட்டேல்லை. பெயின்ற் உங்கட ஸ்டோரில இருந்து வந்தது. கிளாக்கர்தான் எடுத்துத் தந்தவர். தோட்டத்து நம்பரும் அதே வெள்ளை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. பிழை என்ரை."

சொல்லும்போது அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ குடுத்ததா?" என்றார் துரை, கிளாக்கரிடம்.

"கேட்டவ, குடுத்தனான் சேர்."

"கங்காணிக்குச் சொன்னியா?"

கிளாக்கர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

துரைக்கு யாரையாவது தண்டிக்க வேண்டியிருந்தது. கிளாக்கரைத் தண்டித்தால் ஆபீஸ் நடக்காது. எங்களுக்கு மூன்று நாள் பேரை வெட்டினார். போகச் சொன்னார். வெட்டின மரம் ஃபேக்டரி அடுப்புக்குப் போனது. மரத்துக்குக் கணக்கு இருந்தது. எங்கள் மூன்று நாளுக்கு இல்லை.

லயத்துக்கு ஏறும்போது கங்காணி சொன்னார்.

"என்ன இருந்தாலும் மந்தியம்மாதான் நம்மளக் காப்பாத்துச்சு."

என் மனைவி நின்று திரும்பினாள்.

"காப்பாத்துச்சா? அது போட்ட முடிச்சு, அதே அவுத்துச்சு. அதுக்கு நான் தேங்கா ஒடைக்கணுமா?"

காம்பரா இருந்தது. தம்பி விழித்துக்கொண்டு படுத்திருந்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

அவள் மிச்சமிருந்த மரங்களில் வெள்ளையைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு வளையம் போட்டாள். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். காட்டைத் திறக்கவில்லை. எங்கள் பெண்கள் ஆற்றைத் தாண்டித்தான் போனார்கள். தகரம் தட்டுவதும் நிற்கவில்லை. நான் மட்டும் தட்டவில்லை. பேசவும் இல்லை. வழியில் எதிரே வந்தால் அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம்.

அவள் போன அன்று நாங்கள் ரோட்டில் லொறிக்கு விறகு ஏற்றிக்கொண்டிருந்தோம். பெட்டியோடு வந்து பதுளை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியனுப்ப யாரும் வரவில்லை. கங்காணிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மந்தியம்மா, ஒங்க புள்ளைங்கல்லாம் சொகந்தானே? பதினாறுல எத்தன பேரு இப்ப?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ் கிளம்பியது. அப்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கங்காணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன்பது."