சிம் கடை ஃபைலில் என் முகம்

சில வருடங்களுக்கு முன், கட்டட வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்த என் தங்கைக்கு சிம் கார்டு வாங்க, கரமனையில் ஒரு செல்போன் கடைக்குப் போனோம். அவளுடைய ரேஷன் கார்டு ஊரில் இருந்தது. போட்டோவும் முகவரிச் சான்றும் இல்லாமல் சிம் தரக் கூடாது என்ற அரசு உத்தரவைக் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தார்கள்.

"கார்டு ஊர்ல இருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்" என்றேன்.

"சாரமில்ல சேச்சி, பரவால்ல. வேற ஆளோட ப்ரூஃப் நம்ம கையில உண்டு. அதுல எடுத்துத் தராம்" என்றார் கடைக்காரர், மலையாளம் கலந்த தமிழில்.

எனக்கு உறுத்தவே இல்லை. நல்ல மனுஷன் என்றுகூட நினைத்தேன்.

தடித்த ஃபைல் ஒன்றை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். "இது லேடீஸ் தன்னே, மதி, இது போதும்" என்று ஒரு தாளை உருவினார். அதில் இருந்தது என் போட்டோ. முந்தைய வருடம் என் சிம்முக்காக அதே கடையில் கொடுத்தது. கூடவே என் ரேஷன் கார்டு நகல். போட்டோவில் என் கன்னத்தில் அவருடைய எச்சில் ஈரம்.

"இது நான்" என்றேன்.

என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ வேற எடுக்காம்" என்று மறுபடியும் விரலை நாக்கில் வைத்தார்.

அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் பெயரில் வாங்கிய சிம்மில் அதற்குள் எத்தனை பேர் பேசினார்களோ, தெரியாது. அவரைவிட என் மீதே அருவருப்பாக இருந்தது. வேறொருத்தியின் முகமாக இருந்திருந்தால், சந்தோஷமாக வாங்கிப் போயிருப்பேன்.

தங்கையின் கார்டு வந்த பிறகே அவளுக்கு சிம் வாங்கினோம். இப்போதெல்லாம் எங்கே நகல் கொடுத்தாலும், எதற்காக, எந்தத் தேதியில் என்பதைக் குறுக்கே எழுதி, போட்டோவின் மேலும் ஏறும்படி கையெழுத்துப் போடுகிறேன். "போட்டோ கெட்டுப் போகும் சேச்சி" என்கிறார்கள். வேறு யாருக்கும் உதவாதபடி கெட்டுப் போகட்டும்.