கொப்பியில் இருந்த வால்கள்

எனக்கும் மூத்தவளான ராத்தாவுக்கும் சொந்தமாக ஒரு மொழி இருந்தது. உம்மாவுக்கு முன்னால் உம்மாவைப் பற்றிப் பேசத்தான் அதை உண்டாக்கினோம். எழுத்துகளும் எங்களுடையவையே; ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். அதில் ஆளோ பொருளோ முதலில் வரும். அது எப்படிப்பட்டது என்பதை வாலாகப் பின்னால் ஒட்டுவோம். மேல்வால் நல்லது, கீழ்வால் கோபமானது, சுருட்டைவால் பயங்கரமானது. வாப்பாவுக்கு எப்போதும் கீழ்வால்தான். மடவளையில் கடை வைத்திருந்தவர், கடையில் அதட்டுகிற குரலோடே வீட்டுக்கும் வருவார்.

எனக்குப் பத்து வயதான வருடம், தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, ஊரில் முஸ்லிம் வீடுகளிலெல்லாம் சோதனை நடந்தது. சந்தேகம் வந்தால் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு மாமா போய் ஒரு கிழமையாகியும் திரும்பவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இறைச்சி வெட்டும் கத்தியை உம்மா கிணற்றில் போட்டார். அரபு எழுத்திருந்த கலண்டரைக்கூட வாப்பா சுவரிலிருந்து கழற்றினார். எங்கள் கொப்பியை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

ஒரு காலையில் சீருடையில் நால்வர் வந்தார்கள். அலுமாரியைக் கிளறியவர் கொப்பியை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். இது என்ன எழுத்து என்று அவர் வாப்பாவிடம் கேட்டார். வாப்பா தாழ்ந்த குரலில், “பிள்ளைகள்ட கொப்பி, சேர்,” என்றார். ராத்தாவோ டியூஷனுக்குப் போயிருந்தாள்.

“அது எங்கட விளையாட்டுப் பாஷை, சேர்,” என்றேன்.

“அப்ப என்னை எழுது,” என்றார், உடைந்த தமிழில்.

சீருடைக்காரர்களுக்கு ஏற்கெனவே ஓர் எழுத்து வைத்திருந்தோம். அதை எழுதி மேல்வால் போட்டேன். அவர் கொப்பியைப் புரட்டி, அதே எழுத்து சுருட்டைவாலோடு இருந்த இடத்தில் விரலை வைத்தார். இது என்ன என்று கேட்டார்.

“உயரமான ஆள்,” என்றேன்.

அதிகாரியோ குட்டை, என் ராத்தா உயரம்தான் இருப்பார். பின்னால் நின்றவன் சிரித்துவிட்டான். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொப்பியைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போனார்.

வாப்பா கொப்பியை அடுப்பில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கதிரையில் போய் இருந்தார்.

“வாப்பாவ இப்ப ஒண்டும் கேக்காத மகள்,” என்றார் உம்மா.

ராத்தாவிடம் காட்டுவதற்காக, கிழிந்த தாளொன்றில் வாப்பாவை எழுதி ஒரு கீழ்வால் போட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். கதிரையில் இருந்த அவர் கையில் தேத்தண்ணீர் தளும்பி, உடுத்திருந்த சாரத்தில் சிந்திக்கொண்டிருந்தது. வாப்பாவும் பயப்படுவார் என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. கோபம் கூடிவிட்டது என்று நினைத்து, இன்னொரு கீழ்வாலும் போட்டேன்.