ஆஃப் செய்து பார்த்த ஆயில்

அப்பாவின் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி இன்று பிழைத்துக்கொண்டது.

இடது காலில் பலமில்லாத அப்பா, கிளட்ச் இல்லை என்பதற்காகவே வாங்கிய வண்டி. தாமல் ஏரி நிரம்பினால் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். முன் சீட்டுக்கு நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். அப்போதே இருவருக்கும் மீசை இருந்தது.

அப்பாவுக்குப் பின் வண்டி என்னிடம் வந்தது. ஒருநாள் அதை ஓட்டிப் பார்த்த தம்பி, "கியர் ஆயில் கம்மியா இருக்குதுண்ணா" என்றான். ஆயில் அளக்கும் ஸ்டிக்கை உருவிக் காட்டினேன். முழு அளவு இருந்தது.

"வண்டி எனக்கு வந்த வயித்தெரிச்சல்டா உனக்கு" என்றேன்.

ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை.

இந்த வாரம் வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது, எடைக்குப் போடுங்கள் என்றார்கள் இரண்டு மெக்கானிக்குகள்.

இன்று ஓரிக்கையில் இருக்கும் மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்து, சேற்றைத் துடைத்து, கியர்பாக்ஸ் தகட்டில் இருந்த எண்ணைப் படித்தார்.

"ஆயில் எப்படி சார் பாத்தீங்க?"

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுதான்."

"இந்தப் பெட்டிக்கு இன்ஜின் ஓடிக்கினு இருக்கும்போது பாக்கணும் சார். நிறுத்துனா ஆயில்லாம் கீழ இறங்கி, ஃபுல்லுன்னு காட்டும்."

இன்ஜினை ஓடவிட்டு உருவினார். ஸ்டிக் காய்ந்திருந்தது.

ஆயில் கசிந்த ரப்பர் சீலையும் ஃபில்டரையும் மாற்றி ஆயில் ஊற்றியதும், அப்பா ஓட்டிய காலத்தைப் போலவே வண்டி அலுங்காமல் நகர்ந்தது.

"கம்மியா இருக்குதுன்னு யாருமே சொல்லலியா சார்?"

"இல்லை பாய்" என்றேன்.

தம்பியை இங்கே பிளாக் செய்திருக்கிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியே தீருவேன் என்பவர்கள், தாமல் ஏரி நிரம்பியிருக்கிறது, முன் சீட் காலி என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.