அத்தை செத்துட்டாங்கன்னு சொன்னேன்

மீன்புடி தடைக்காலம் வந்தா எங்க ராயபுரத்து ஆம்பளைங்க ரெண்டு மாசம் கரையிலயே குந்திகினு கெடப்பாங்க. போட்டுக்கு பெயின்ட் அடிப்பாங்க, வலை தைப்பாங்க, மீதி நேரத்துக்கு பொண்டாட்டிகிட்ட சண்டை. என் வூட்டுக்காரருக்கு அது ஒத்துவராது. வருசா வருசம் அந்த ரெண்டு மாசமும் ரயிலேறி குஜராத்துக்குப் போயிடுவாரு. அங்க அப்போ தடை கெடையாது. அந்த ஊர் போட்டுல ஏறிட்டா பத்து பதினஞ்சு நாளு கடல்ல தான் சோறு, கடல்ல தான் தூக்கம். நானும் தடுத்ததில்ல. எனக்கு இறால் உரிக்கிற ஷெட்டுல வேலை, வூட்டுல துணைக்கு அவரோட அம்மா. அத்தை வாய்க்கு பயந்து எந்தத் திருடனும் எங்க தெருப்பக்கம் வரமாட்டான்.

அந்த வருசம் அவரு கடலுக்குப் போன நாலாம் நாளு எல்லையில சண்டை ஆரம்பிச்சிடுச்சி. டிவில ஒருத்தன் மேப்பைத் தட்டித் தட்டி கத்திகினு கீறான். அவன் கத்துனது ஒண்ணும் எனக்கு ஏறல. பாகிஸ்தானுக்கும் நமக்கும் நடுவுல போற அந்தக் கோடு தரையோட நிக்காம நேரா கடலுக்குள்ள எறங்குது, அதை மட்டும் தான் பாத்தேன். அவரு மீன் புடிக்கப் போறது அந்தக் கோட்டாண்ட தான்.

மறுநாள் மதியம் எங்க வாசல்ல சரவெடி. பக்கத்துத் தெரு தடிமாடுங்க நாலு பேரு, "போட்டுட்டோம்க்கா குண்டு! பொளந்துட்டோம்!"ன்னு ஆடிகினு கீறானுங்க. இறால் கழுவின தண்ணி ஒரு பக்கெட் வெச்சிருந்தேன். அப்படியே தூக்கி வெடி மேலயும் அவனுங்க மேலயும் ஊத்தினேன்.

"இன்னாக்கா, நாட்டுப்பற்றே கெடையாதா உனக்கு?"

"நீ எங்கடா போட்ட குண்டு? நீ போட்டதெல்லாம் டீக்கடையில வடை தான்! என் புருசன் அங்க நடுக்கடல்ல கீறான். உன் பற்றைத் தூக்கிகினு போய் நீ அந்த போட்டுல ஏறு, அவனை எறக்கி வுடு. வர்றியா?"

நாத்தம் தாங்காம ஓடினானுங்க. எனக்கு ஆத்திரம் அடங்கல. அந்த நாட்டுக்காரன் மேல, இந்த டிவிக்காரன் மேல, போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லாத என் மேல, எல்லார் மேலயும் வெறி.

குஜராத்துக்குப் போன் போட்டேன். முதலாளி பேசுறது எனக்குப் புரியாது. கரையில அவங்களுக்கு சமைச்சிப் போடுற நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர் போனை வாங்கினாரு. "வயர்லெஸ்ல திரும்பச் சொல்லிகினு தான் கீறாங்கம்மா. மீன் நல்லா படுதாம், ரெண்டு நாள்ல வந்துடும்"னாரு. ரெண்டு நாளா! அவரை மட்டுமாவது இப்பவே அனுப்பச் சொல்லுங்கண்ணேன்னு கெஞ்சினேன். "ஒரு ஆளுக்காக போட்டைத் திருப்புவாங்களா? உனக்குத் தெரியாததா?"

தெரியும். கடலுக்குப் போன ஆளை எங்க ஜனம் எதுக்கும் கூப்புடாது. கொழந்தை பொறந்தாலும் சரி, பொண்டாட்டிக்கு ஆபரேசன்னாலும் சரி. பெத்தவங்க சாவுக்கு மட்டும் தான் சேதி போகும். கரைக்குத் திரும்புற வேற போட்டு பக்கத்துல இருந்தா அதுல மாத்தி ஏத்தி அனுப்பிடுவாங்க. புள்ள வந்து கொள்ளி வைக்கணுமில்ல.

உள்ள அத்தை நெத்திலி வறுத்துகினு இருந்தாங்க. நான் வாசலுக்கு வந்து, போனை வாயோட ஒட்ட வெச்சிகினு சொல்லிட்டேன். "அவங்க அம்மா செத்துட்டாங்கண்ணே." அழுகை தானா வந்துது. நடிப்பில்ல அது, அத்தனை பயம். ஒரு மணி நேரத்துல அந்த அண்ணனே கூப்புட்டு, வேற போட்டு கெடச்சிடுச்சி, ஏத்திட்டாங்கன்னு சொன்னாரு. அன்னிக்கு அத்தை வறுத்த நெத்திலிய நானும் நல்லா தின்னேன்.

மூணாம் நாளு போன் வந்துது. அவரு முதல்ல இருந்த போட்டு கரைக்கு வந்துடுச்சாம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் கெடையாது. மாத்தி ஏறினாரே, அந்த போட்டு வரல. திரும்புற வழியில மீனைப் பாத்துட்டு, கடைசியா ஒரே ஒரு வலைன்னு எறக்கியிருக்கான் அந்த போட்டுக்காரன். நீரோட்டம் இழுத்துகினு போயிடுச்சி. தண்ணியில கோடா போட்டு வெச்சிருக்கான்? அந்தப் பக்கத்து ரோந்துக் கப்பல் வந்து போட்டையும் ஆளுங்களையும் புடிச்சிகினு போயிடுச்சி. இதையெல்லாம் சொல்லிட்டு சமையல்கார அண்ணன் கேட்டாரு, "அம்மா காரியமெல்லாம் முடிஞ்சிதாம்மா?"

"முடிஞ்சிதுண்ணே."

சண்டை சில நாள்ல நின்னுபோச்சி. டிவி கிரிக்கெட்டுக்குத் திரும்பிடுச்சி. சரவெடி போட்டவனுங்க ஒருத்தனும் என் புருசன் எங்கன்னு கேக்கல. அத்தையும் நானும் மனுவைத் தூக்கிகினு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சோம். போற எடமெல்லாம் அத்தை மண்ணை வாரித் தூத்தி அந்த நாட்டுக்காரனைத் திட்டுவாங்க. அவங்களை விட சத்தமா நான் திட்டுவேன். உண்மைய ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

எட்டு மாசம் கழிச்சி லெட்டர் வந்துது. அவரு கையெழுத்து தான். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. என் எதிர்ல குந்திகினு, "சத்தமா படி, ஒரு எழுத்து வுடாத"ன்னாங்க.

நல்லா கீறேன், சோறு போடுறாங்கன்னு ஆரம்பிச்சிருந்தாரு. அடுத்த வரியப் பாத்ததும் படிக்கிறதை நிறுத்திட்டேன். முழுங்கிட்டு வேற எதுனா சொல்லியிருக்கலாம். அத்தை என் மூஞ்சியையே பாத்துகினு கீறாங்க. என்னால பொய்யை ஜோடிக்க முடியல. படிச்சிட்டேன்.

"அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்துகினு தான் இருந்தேன். சாவுக்குப் போறவன் வலையில கை வைக்கக் கூடாதுன்னு தனியா தான் குந்திகினு இருந்தேன். என்னையும் சேத்து புடிச்சிட்டாங்க. இங்க முடி வெட்ட வர்ற ஆளுகிட்ட சைகையில சொல்லி மொட்டை போட்டுகினேன், மீசையும் எடுத்துட்டேன். விசயம் புரிஞ்சதும் அந்தாளு என் தோள்ல கை வெச்சான். கொள்ளி யாரு வெச்சாங்க? அம்மா கடைசியா என்னைக் கேட்டுச்சா?"

அத்தை, "நான் செத்துட்டேன்னு அவன்கிட்ட எவ சொன்னா?"ன்னாங்க.

"நான் தான் அத்தை."

எல்லாத்தையும் சொன்னேன். செருப்பால அடிப்பாங்கன்னு குனிஞ்சிகினு இருந்தேன். அடிக்கல. எழுந்து போய் பேப்பரும் பேனாவும் எடுத்தாந்து என் மடியில வுட்டெறிஞ்சாங்க.

"எழுது. நைனா, நான் சாவல. இவ பொய் சொன்னா. நீ முதல்ல இருந்த போட்டு பத்திரமா வந்து சேந்துடுச்சி."

"அத்தை, அது மட்டும் வேணாம். ஜெயில்ல இருந்துகினு அதைப் படிச்சா அவரு தாங்கமாட்டாரு."

"எழுதுடி."

எழுதினேன். கீழ அத்தையோட கட்டைவிரலுக்கு மை தடவி நானே அழுத்தி வெச்சேன். என் எழுத்தை மட்டும் பாத்தா இனிமே அவரு நம்பமாட்டாரு.