டிப்பரில் ஓடிய ஓடை

திருச்செங்கோடு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முழங்கை வரை அப்பியிருந்த சேறு காய்ந்து வெடித்திருந்தது. தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தட்டு. கோழிப்பண்ணையின் நாற்றம் இன்னும் பின்னாலேயே வந்தது. காற்று என் பக்கம் அடித்தது. இதற்கு முன்னும் பல இடங்களிலிருந்து இப்படி நடந்திருக்கிறேன். சில இடங்களில் துரத்தினார்கள், சில இடங்களில் நானே கிளம்பினேன். அன்று இரண்டும் சேர்ந்து நடந்தது.

அந்தப் பண்ணையில் நான்கு மாதம் மண்வேலை பார்த்தேன். முதலாளிக்குப் புது ஷெட் போட இடம் வேண்டியிருந்தது. நிலத்தின் நடுவே ஓர் ஓடை. மழைக்குத்தான் தண்ணீர் வரும். இரண்டு பெரிய வளைவு போட்டுக் கீழே ஏரியில் விழும். அவர் ஜேசிபியை விட்டு வளைவுகளை மூடி, அளவுகோல் வைத்தது போல நேராக வெட்டிவிட்டார். புது வாய்க்காலுக்கு இருபதடி தள்ளி, வேலையாட்களின் மூன்று தகர வீடுகள். அதில் ஒன்றில் முட்டை பொறுக்கும் பெண் ஒருவர் கணவரோடும் இரண்டு மகள்களோடும் இருந்தார். என்னைவிட இளையவர், ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மழைக்கு முன்னால் வீட்டைப் பிரித்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அக்கா நினைத்தார். மேட்டில் அவருடைய அண்ணனுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போனால் ஷெட்டுக்கு ஓடிவர ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், அதுதான் அவர் கணக்கு. அக்காவிடம் வெளியே சொன்னது வேறு.

"நேரா வெட்டி உட்டாச்சு. இனி தண்ணி உன்ற ஊட்டுப் பக்கம் எதுக்கு வருது? நேரா ஏரிக்குப் போயிரும்."

"போகாதுங்க," என்றேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ எத்தனாவது படிச்சே?"

"ஏழுங்க."

"முழுசாவா?"

"அரைப்பரீட்சை வரைக்குமுங்க."

"அப்ப ஆறரை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறரைதான்.

பள்ளியில் டெல்டா என்று வாத்தியார் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். அது மண் என்றே எனக்கு விளங்கவில்லை. விளங்கியது பிறகு, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில். கிழங்கு மாவு படிகிற தொட்டிகளைக் கழுவுவது என் வேலை. தரையில் ஒட்டிய மாவின் மேல் ஹோஸைக் குறைத்து வைத்தால் தண்ணீர் நேராகப் போகாது. பத்தடிக்குள் மூன்று முறை திரும்பும். தொட்டியின் மூலையில் வந்து வேகம் செத்ததும், கொண்டுவந்த மாவையெல்லாம் விசிறி போல விரித்துப் போட்டுவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக அங்கே திட்டும் வாங்கினேன்.

பண்ணையில் அன்று ஓடை மண்ணை ஏற்றிய சின்ன டிப்பர் நின்றிருந்தது. ஓட்டுநர் சேலத்துக்காரர். பாய் என்று கூப்பிடுவோம்.

"பாய், முன்பக்கம் கொஞ்சம் தூக்க முடியுமா? கொட்டாம?"

"மூடியத் தொறக்காம தூக்கினா எங்க கொட்டும்? எவ்ளோ வேணும், சொல்லு."

டயரில் ஏறி மண்ணைத் தட்டிச் சமமாக்கினேன். பின்மூடியை ஒட்டி ஒரு குழி தோண்டினேன், அது ஏரி. நடுவே விரலால் நேராக ஒரு கோடு இழுத்தேன். அக்கா ஒரு விரிசல் முட்டையை எடுத்து வந்து, தன் வீடு இருக்கிற தூரம் பார்த்துக் கோட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இது உன்ற ஊடா?" என்றார் அவர் கணவர். "வெள்ளையடிச்சு நல்லா வெச்சிருக்கறயே."

கோட்டின் தலையில் ஹோஸை வைத்தேன். முதல் முறை தோற்றுப்போனேன். பாய் ஜாக்கியை அதிகம் ஏற்றிவிட்டார். தண்ணீர் கோட்டை அறுத்துக்கொண்டு நேராக ஓடியது. முதலாளி கைகட்டி நின்று, "பாத்துக்கோ, ஆறரை," என்றார்.

"இறக்குங்க பாய். இன்னும். நாலு விரல் ஏறினாப் போதும். நம்ம நெலம் அவ்வளவுதான் சாயுது."

மறுபடி கோடு இழுத்தேன். ஹோஸை ஒரு சாக்குத் துண்டில் சுற்றி, மெதுவாகக் கசியவிட்டேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி கைபேசியை எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மண்கட்டியில் தண்ணீர் இடித்தது. இடித்த தண்ணீர் எதிர்க்கரையில் போய் மோதியது. அங்கே கரை கொஞ்சம் கரைந்து உள்வாங்கியது. அங்கிருந்து திரும்பிய தண்ணீர், கீழே இந்தப் பக்கக் கரையைத் தாக்கியது. வளைவின் வெளிப்பக்கம் ஓட்டம் வேகம், கரை அறுந்தது. உள்பக்கம் மந்தம், அங்கே மணல் தங்கி மேடானது. மேடு தண்ணீரை இன்னும் வெளியே தள்ளியது. நான் விரல் வைக்கவில்லை. டயரில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது.

பின்மூடியருகே குழித் தண்ணீரில் மண் விசிறியாக விரியத் தொடங்கியது.

"ஏரி வாயில அப்படித்தான் மேடு உளுந்திருக்குது," என்றார் முதலாளி. முதல் முறையாகக் குரலில் ஆர்வம். "அதுல தீவனப்புல் போடலாம்னு இருக்கறேன்."

"போடுங்க. ஆனா அந்த மண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க."

முட்டைக்குக் கீழே கரை குடைந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்தார். கரை ஒரு துண்டாக உட்கார்ந்தது. முட்டை உருண்டு தண்ணீரில் விழுந்து உடைந்தது. மஞ்சள் கரு ஏரிக்குப் போனது.

"டிப்பர் மண்ணும் ஓடையும் ஒண்ணாடா?" என்றார் முதலாளி.

"ஒண்ணுதானுங்க. அந்த ஓடையில வெட்டின மண்ணுதான் இது."

"நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே."

"நாளைக்கு எதுக்குங்க? இப்பவே போறேன்."

ஹோஸை மூடவில்லை. அதை மூடச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பொழுது சாயும்போது லாரிகளை எடை போடும் எடைமேடை வந்தது. லாரிக்காரர்கள் படுக்கிற கொட்டகையில் இடம் இருந்தது. பசித்தது, தண்ணீர் குடித்தேன். செய்ததைப் பற்றி வருத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அக்காவுக்கு வேலை போய்விடுமோ என்பது மட்டும் உறுத்தியது. எனக்குப் பை ஒன்று போதும். அவருக்கு இரண்டு பெண்கள்.

காலையில் டீக்கடை முன்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. அக்காவும் கணவரும். நான் எங்கே படுப்பேன் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

"ஊட்டைப் பிரிக்கோணும்," என்றார் அக்கா. "தகரம் கழட்ட ஆளு இல்ல. வாரீங்களா?"

"மொதலாளி?"

"எடம் அவருது, தகரம் என்றது. வேலைக்கு மேட்டுல இருந்து நடந்து வாரேன்னு சொல்லிப்போட்டேன். வேண்டாம்னா வேற பண்ணை இல்லாமயா போச்சு?"

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லுல. முட்டை பொறுக்க ஆளு எங்க கிடைக்குது அவருக்கு?" என்றார் கணவர்.

கூலி பேசவில்லை. மூன்று வேளைச் சோறு, மேட்டில் வீடு நிற்கும் வரை வேலை. மூன்று பேரும் அந்த மொபெட்டிலேயே போனோம். என் பை அக்காவின் மடியில் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, "இங்க முடிச்சுட்டு எங்களுதுக்கும் வாங்க," என்றார். கூரையில் ஏறி முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினேன். முதலாளியின் வண்டி கேட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது. போல்ட் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் திருப்பினேன்.